கோழிக் கொட்டகையில் எல்.இ.டி. விளக்கு: எதை வாங்குவது, எப்படி மாட்டுவது?

பண்ணை கேள்வி – பதில்

குண்டு பல்பும் சி.எஃப்.எல். விளக்கும் தொங்கிய கோழிக் கொட்டகைகளில் இப்போது எல்.இ.டி. ஏறிக்கொண்டிருக்கிறது. மின்கட்டணம் குறையும் என்பதுதான் முதல் காரணம். ஆனால் கோழிக்கு விளக்கு என்பது நமக்கு வெளிச்சம் தருகிற பொருள் மட்டுமல்ல. தீவனம், தண்ணீர் மாதிரி அதுவும் ஒரு இடுபொருள். அளவு கூடினாலும் கெடுதல், குறைந்தாலும் கெடுதல்.

கோழி வெளிச்சத்தைக் கண்ணால் மட்டும் உணர்வதில்லை. மண்டையோட்டைத் தாண்டி உள்ளே செல்லும் ஒளியை, மூளையின் அடிப்பகுதியில் இருக்கும் செல்கள் நேரடியாக உணர்கின்றன. பகல் நீளமாக இருக்கிறதா, குறுகுகிறதா என்பதை அங்கேதான் உடல் கணக்கிடுகிறது. பகல் நீண்டால் முட்டையிடும் சுரப்பிகள் வேலை செய்யும். குறைந்தால் ஓய்வெடுக்கப் பார்க்கும். தமிழ்நாட்டில் டிசம்பரில் பகல் சுமார் பதினொன்றரை மணி நேரம், ஜூனில் சுமார் பன்னிரண்டே முக்கால் மணி நேரம். முட்டைக்கோழிக்குத் தேவை 16 மணி நேரம். மீதியை விளக்குதான் தர வேண்டும்.

இந்த முறை வந்த கேள்விகள் பலவும் விளக்கைச் சுற்றியே இருந்தன. அவசரமான கேள்விக்கு முதலில் பதில்.

"புதிதாக எல்.இ.டி. மாட்டிய பிறகு, முட்டை பொறுக்கும்போது கூண்டுக் கம்பியில் கை பட்டால் சுருக்கென்று ஷாக் அடிக்கிறது என்று வீட்டில் சொல்கிறார்கள். எல்.இ.டி.க்குக் குறைந்த கரண்ட்தானே, பயப்பட வேண்டுமா?" – மோகனூர் பகுதி வாசகர்

கட்டாயம் பயப்பட வேண்டும். இதைப் படித்த உடனே கொட்டகையின் மெயினை அணைத்துவிடுங்கள். லைசென்ஸ் பெற்ற எலக்ட்ரீசியன் வந்து பார்த்துச் சரிசெய்யும் வரை யாரும் கூண்டைத் தொட வேண்டாம். பகல் வெளிச்சத்திலேயே முட்டை எடுக்கலாம். இரண்டு நாள் மாலை விளக்கு இல்லாமல் போனால் கொஞ்சம் முட்டை குறையும், அவ்வளவுதான்.

எல்.இ.டி. பல்பு 9 வாட்தான். ஆனால் அதற்கு வரும் ஒயரில் இருப்பது அதே 230 வோல்ட். பல்பு சிறியது என்பதால் ஷாக் சிறியதாக இருக்காது. இன்று சுருக்கென்று அடிப்பது, நாளை தரை ஈரமாக இருக்கும்போது அல்லது வெறுங்காலோடு நிற்கும்போது ஆளையே பிடித்துவிடும்.

இந்த மாதிரி இடங்களில் வழக்கமாக மூன்று தவறுகள் இருக்கும். ஒன்று, பல்பு ஒயரைக் கூண்டுக் கம்பியோடு சேர்த்துக் கட்டியிருப்பது. எலி கடித்தாலோ, கம்பி உரசித் தோல் போனாலோ ஒரு வரிசைக் கூண்டு முழுவதும் மின்சாரம் ஏறும். இரண்டு, முறுக்கி டேப் சுற்றிய இணைப்புகள். ஃபாகர் ஈரமும் எச்சத்தின் அம்மோனியாவும் டேப்புக்குள் புகுந்துவிடும். மூன்று, கூண்டுச் சட்டத்துக்கு எர்த் இல்லாதது.

செய்ய வேண்டியது இதுதான். ஒயர் முழுவதும் பி.வி.சி. குழாய்க்குள் போக வேண்டும். இணைப்பு எல்லாம் மூடியும் ரப்பர் வளையமும் உள்ள ஜங்ஷன் பாக்ஸுக்குள் இருக்க வேண்டும். கூண்டுச் சட்டத்துக்கும் இரும்புத் தூண்களுக்கும் எர்த் கொடுக்க வேண்டும். மெயினில் எம்.சி.பி.யோடு 30 மில்லி ஆம்பியர் ஆர்.சி.சி.பி. ஒன்றையும் பொருத்துங்கள். எம்.சி.பி. ஒயரைக் காக்கும், ஆளைக் காப்பது ஆர்.சி.சி.பி.தான். மின்சாரம் உடல் வழியாகத் தரைக்குக் கசியத் தொடங்கினால் கண் இமைக்கும் நேரத்தில் அது விழுந்துவிடும். அதில் இருக்கும் 'டெஸ்ட்' பட்டனை மாதம் ஒரு முறை அழுத்திப் பாருங்கள். அழுத்தியும் விழவில்லை என்றால் மாற்றிவிட வேண்டும். பல்பு செலவில் எவ்வளவு மிச்சம் பிடித்தாலும் இந்தச் செலவில் மிச்சம் பிடிக்கக் கூடாது.

"8,000 முட்டைக்கோழி இருக்கிறது. 50 விளக்குகள் எரிகின்றன. 'கோழிக்கென்றே தயாரித்த எல்.இ.டி.' என்று ஒரு விற்பனையாளர் வருகிறார். சாதாரண பல்பைவிடப் பல மடங்கு விலை. கடன் வாங்கியாவது மாற்றலாமா?" – ராசிபுரம் வாசகர்

பதில் ஒரே ஒரு விஷயத்தைப் பொறுத்தது: இப்போது எரிவது என்ன விளக்கு? நீங்கள் அதைச் சொல்லவில்லை என்பதால் இரண்டு விதமாகவும் கணக்குப் பார்க்கலாம். ஒரு நாளைக்கு 5 மணி நேரம் எரிவதாகவும், யூனிட் 8 ரூபாய் என்றும், சாதாரண எல்.இ.டி. 100 ரூபாய், கோழிக்கான சிறப்பு விளக்கு 600 ரூபாய் என்றும் வைத்துக்கொள்வோம். உங்கள் மின்கட்டண ரசீதில் உள்ள விலையையும் கடைக்காரர் சொன்ன விலையையும் போட்டு நீங்களே திரும்பக் கணக்கிடுங்கள்.

50 குண்டு பல்பு, ஒவ்வொன்றும் 60 வாட் என்றால், ஆண்டுக்கு 5,475 யூனிட் ஆகும். அதே இடத்தில் 9 வாட் எல்.இ.டி. மாட்டினால் சுமார் 821 யூனிட். மிச்சம் 4,654 யூனிட். அதாவது 37,000 ரூபாய்க்கு மேல். சாதாரண எல்.இ.டி.யின் விலை இரண்டு மாதத்துக்குள் திரும்பிவிடும். சிறப்பு விளக்கானாலும் ஓராண்டுக்குள் திரும்பிவிடும்.

ஆனால் இப்போதே 15 வாட் சி.எஃப்.எல். எரிகிறது என்றால், ஆண்டுக்கு ஆவது சுமார் 1,369 யூனிட்தான். எல்.இ.டி.யால் மிச்சம் 548 யூனிட். சுமார் 4,384 ரூபாய். சாதாரண எல்.இ.டி. 14 மாதத்தில் விலையைத் திருப்பும். 30,000 ரூபாய்க்குச் சிறப்பு விளக்கு வாங்கினால் திரும்ப ஏழாண்டு ஆகும். வட்டியைச் சேர்த்தால் இன்னும் கூடும். அதற்குக் கடன் வாங்குவதில் அர்த்தமில்லை.

"எங்கள் விளக்கின் நிறத்துக்கே முட்டை கூடும்" என்று சொன்னால் ஒன்றை நினைவில் வையுங்கள். பக்கம் திறந்த நம் ஊர்க் கொட்டகையில் கோழி தினமும் பதினொன்றரை மணி நேரத்துக்குக் குறையாமல் சூரிய வெளிச்சத்தில் இருக்கிறது. எல்லா நிறமும் அதிலேயே இருக்கிறது. நான்கைந்து மணி நேர விளக்கின் நிறத்தை மட்டும் மாற்றிப் பெரிய லாபம் எதிர்பார்க்க முடியாது. முழுவதும் மூடிய, வெயில் புகாத நவீனக் கொட்டகை வைத்திருப்பவர்களுக்குத்தான் நிறம் பெரிய விஷயம். முட்டைக்கோழிக்குச் சிவப்பும் மஞ்சளும் கலந்த வெதுவெதுப்பான வெள்ளை நல்லது. சிவப்புப் பக்கத்து ஒளிதான் மண்டையோட்டைத் தாண்டி எளிதாக உள்ளே போகும். பெட்டியில் 2,700 அல்லது 3,000 கெல்வின் என்று இருப்பதைக் கேட்டு வாங்கினால் போதும். கடையில் அதை 'வார்ம் ஒயிட்' என்பார்கள்.

சிறப்பு விளக்கில் உண்மையிலேயே காசு கொடுக்கத் தக்கது அதன் உடல்தான்: தூசி, நீர், அம்மோனியா புகாத மூடிய அமைப்பு. பெட்டியில் ஐ.பி. 65 என்று எழுதியிருக்கிறதா என்று பாருங்கள். முதல் எண் 6 என்றால் தூசி புகாது. இரண்டாவது எண் 5 என்றால் குழாயால் பீய்ச்சும் நீரைத் தாங்கும். 7 என்றால் சிறிது நேரம் நீரில் மூழ்கினாலும் தாங்கும். இந்தத் தரமுள்ள சாதாரண மூடிய விளக்குகளும் மின்சாதனக் கடைகளில் கிடைக்கின்றன. இரண்டுக்கும் நடுவே அதுதான் சிறு பண்ணைக்கு ஏற்ற வழி.

சி.எஃப்.எல். விளக்கைக் கழற்றுகிறவர்கள் அதை உடைத்துக் குப்பையிலோ எருக்குழியிலோ போடாதீர்கள். அதற்குள் பாதரசம் இருக்கிறது. அந்த எரு கடைசியில் வயலுக்குத்தான் போகும்.

"200 அடி நீளம், 25 அடி அகலத்தில் கறிக்கோழிக் கொட்டகை போட்டிருக்கிறோம். 5,000 குஞ்சு விடப் போகிறோம். எத்தனை பல்பு, எவ்வளவு இடைவெளி?" – பல்லடம் பகுதி வாசகர்

பல்பு வாங்கும்போது வாட்டைப் பார்க்காதீர்கள், லூமெனைப் பாருங்கள். வாட் என்பது அது தின்னும் மின்சாரம். லூமென் என்பது அது தரும் வெளிச்சம். பெட்டியில் இரண்டும் இருக்கும். ஒரு வாட்டுக்கு 90 லூமெனுக்குக் குறைந்தால் வேறு பல்பு பாருங்கள். லூமென் எழுதாத பெட்டியைக் கையில் எடுக்கவே வேண்டாம். இந்தியத் தர நிர்ணய அமைப்பின் பதிவு முத்திரையும் எண்ணும் இருக்க வேண்டும்.

அந்த வெளிச்சம் கோழியின் தலை மட்டத்தில் எவ்வளவு வந்து சேர்கிறது என்பதை லக்ஸ் என்ற அளவில் சொல்வார்கள். ஒரு சதுர மீட்டரில் ஒரு லூமென் விழுந்தால் ஒரு லக்ஸ். குஞ்சுகளுக்கு முதல் வாரம் 20 லக்ஸுக்குக் குறையக் கூடாது; அப்போதுதான் தீவனத்தையும் நிப்பிளையும் கண்டுபிடிக்கும். பிறகு இரவில் 5 முதல் 10 லக்ஸ் போதும்.

உங்கள் கொட்டகை 5,000 சதுர அடி. அதாவது சுமார் 465 சதுர மீட்டர். 20 லக்ஸுக்கு 9,300 லூமென் தரையில் விழ வேண்டும். பல்பிலிருந்து கிளம்பும் வெளிச்சத்தில் பாதி கூரைக்கும் திறந்த பக்கத்துக்கும் தூசிக்கும் போய்விடும் என்று வைத்துக்கொள்ளுங்கள். அப்படியானால் மொத்தம் சுமார் 18,600 லூமென் தேவை.

இதை 15 வாட் பல்பு 14 மாட்டியும் அடையலாம். 7 வாட் பல்பு 32 மாட்டியும் அடையலாம். இரண்டாவதுதான் சரி. பெரிய பல்பைத் தூரத் தூரமாக மாட்டினால் அடியில் கண் கூசும். நடுவில் இருட்டு விழும். கோழிகள் வெளிச்ச வட்டத்தில் நெருக்கியடித்து நிற்கும். இருட்டுப் பகுதியில் தீவனம் தின்னாது, கூளமும் ஒரே இடத்தில் ஈரமாகும்.

இடைவெளிக்கு ஒரு எளிய விதி உண்டு. பல்புக்கும் கோழியின் தலைக்கும் இடையே எவ்வளவு உயரமோ, அதைப் போல ஒன்றரை மடங்குக்கு மேல் இரண்டு பல்புகளுக்கு நடுவே இடைவெளி இருக்கக் கூடாது. தரையிலிருந்து ஒன்பதரை அடியில் பல்பு என்றால் கோழித் தலைக்கு மேல் எட்டரை அடி. ஒன்றரை மடங்கு சுமார் பன்னிரண்டே முக்கால் அடி. ஆகவே நீளவாக்கில் இரண்டு வரிசை போட்டு, பல்புக்குப் பல்பு பன்னிரண்டரை அடி விடுங்கள். வரிசைக்கு வரிசையும் பன்னிரண்டரை அடி. பக்கச் சுவரிலிருந்து அதில் பாதி, ஆறேகால் அடி. ஒரு வரிசைக்கு 16 வீதம் 32 பல்பு கணக்குச் சரியாக வரும். மொத்த மின்சாரம் 224 வாட். நான்கு குண்டு பல்பு எரிந்த செலவுதான்.

ஒயரிங் போடும்போதே ஒன்று விட்டு ஒன்றாக இரண்டு சுவிட்சில் பிரித்துவிடுங்கள். முதல் வாரம் இரண்டும் எரியட்டும். பிறகு ஒன்று மட்டும் போதும். வெளிச்சத்தைக் கூட்டிக் குறைக்கும் டிம்மர் வாங்காமலேயே பாதி வேலை முடிந்துவிடும். டிம்மர் வேண்டும் என்பவர்கள், பெட்டியில் 'டிம் செய்யக்கூடியது' என்று எழுதிய பல்பையும் அதற்குப் பொருந்தும் டிம்மரையும் சேர்த்தே வாங்க வேண்டும். மின்விசிறி ரெகுலேட்டரைச் சாதாரண எல்.இ.டி.க்குப் போட்டால் பல்பு துடிக்கும். நம் கண்ணுக்குத் தெரியாத துடிப்பும் கோழிக்குத் தெரியும். அதன் கண் நம்முடையதைவிட வேகமானது. கைபேசிக் கேமராவைப் பல்புக்கு நேரே பிடித்துப் பாருங்கள். திரையில் கறுப்புக் கோடுகள் ஓடினால் அந்தப் பல்பு வேண்டாம்.

"ஒரு ராத்திரி கரண்ட் போய் அரை மணி நேரம் வரவில்லை. மறுநாள் காலையில் பார்த்தால் ஒரு மூலையில் குஞ்சுகள் ஒன்றன்மேல் ஒன்று ஏறி மூச்சுத் திணறிச் செத்துக் கிடந்தன. கம்பெனிக்கு வளர்த்துக் கொடுக்கிறோம், கூலியில் பிடித்துவிடுவார்கள். பல்பை மாற்றினால் தீருமா?" – உடுமலைப்பேட்டை பகுதி வாசகி

பல்பை மாற்றினால் தீராது. பழக்கத்தை மாற்ற வேண்டும். 24 மணி நேரமும் விளக்கு எரிந்த கொட்டகையில் வளரும் குஞ்சுக்கு இருட்டு என்றால் என்னவென்றே தெரியாது. முதன்முறையாக இருட்டைப் பார்க்கும்போது மிரண்டு மூலைக்கு ஓடும். அடியில் அகப்பட்டவை சாகும்.

குஞ்சு வந்த நாலாவது, ஐந்தாவது நாளிலிருந்தே தினமும் ஒரே நேரத்தில் ஒரு மணி நேரம் விளக்கை அணையுங்கள். ஒரு வரிசையை அணைத்துச் சில நிமிடம் கழித்து அடுத்ததை அணைத்தால் மிரளாது. அப்போது புரூடரின் வெப்பம் மட்டும் நிற்கக் கூடாது. ஒரு வாரம் பத்து நாளில் இந்த இருட்டை நான்கு முதல் ஆறு மணி நேரமாக ஆக்கலாம். ஐரோப்பிய நாடுகளில் 2007-ஆம் ஆண்டு வந்த கறிக்கோழி நலச் சட்டமே ஒரு நாளைக்கு மொத்தம் 6 மணி நேர இருட்டு, அதில் 4 மணி நேரம் தொடர்ச்சியாக வேண்டும் என்கிறது.

"விளக்கு அணைந்தால் தீவனம் எடுக்காது, எடை குறையும்" என்ற பயம் பலருக்கு இருக்கிறது. முதலில் கொஞ்சம் குறையும். ஆனால் இருட்டில்தான் கோழி உறங்கும். கால் எலும்பு உறுதிப்படும். கால் ஊனமும் திடீர்ச் சாவும் குறையும். விளக்கு வந்ததும் பசியோடு தின்று பிற்பாதியில் எடையை எட்டிப் பிடிக்கும். உங்கள் கம்பெனி சூப்பர்வைசரிடம் சொல்லிவிட்டுத் தொடங்குங்கள். வெயில் காலத்தில் பகலில் தின்னாத கோழி இரவின் குளிர்ந்த நேரத்தில்தான் தின்னும் என்பதால், அப்போது இருட்டை நான்கு மணி நேரத்தோடு நிறுத்திக்கொள்ளலாம்.

"முட்டைக்கோழிக்கு விளக்கு நேரத்தை எப்படி வைப்பது? நடுவில் எல்.இ.டி.க்கு மாறினால் முட்டை குறையுமா?" – பரமத்திவேலூர் வாசகர்

இரண்டு கட்டளைகளை மறக்காமல் இருந்தால் போதும். வளரும் பருவத்தில் விளக்கு நேரத்தைக் கூட்டக் கூடாது. முட்டையிடும் பருவத்தில் குறைக்கக் கூடாது.

வளரும் கோழிக்கு இயற்கைப் பகல் போதும். 18 வாரம் ஆகி, அந்த இனத்துக்குச் சொன்ன எடையும் வந்த பிறகு, வாரத்துக்கு அரை மணி நேரமாகக் கூட்டி 16 மணி நேரத்துக்குக் கொண்டு வாருங்கள். எடை வராத கோழிக்கு அவசரப்பட்டு விளக்குக் கூட்டினால் சின்ன முட்டையும், குடல் வெளித்தள்ளலும்தான் மிஞ்சும்.

16 மணி நேரம் ஆனதும், காலை 4 மணிக்கு விளக்கு, இரவு 8 மணிக்கு இருட்டு என்று கடிகாரத்தோடு கட்டிவிடுங்கள். காலை 4 முதல் 6.45 வரை, மாலை 5.45 முதல் 8 வரை எரிந்தால், விடியலும் அந்தியும் எந்த மாதத்தில் எப்படி மாறினாலும், மழை மேகம் கவிந்தாலும் இடையில் இருட்டு விழாது. சித்திரை, வைகாசி வெயிலில் காலை விளக்குதான் பெரிய உதவி. வெப்பம் ஏறும் முன் குளிர்ந்த நேரத்தில் கோழி தீவனம் எடுத்துவிடும். டைமர் வாங்கும்போது பேட்டரி உள்ளதாக வாங்குங்கள். பேட்டரி இல்லாத டைமர் ஒவ்வொரு மின்வெட்டுக்கும் பின்னால் தங்கும். ஒரு மாதத்தில் 4 மணி விளக்கு 6 மணிக்கு எரியும், யாரும் கவனித்திருக்க மாட்டார்கள்.

எல்.இ.டி.க்கு நடுவில் மாறலாம். நேரம் மாறக் கூடாது. வெளிச்சம் குறையக் கூடாது. ஒரே நாளில் எல்லாவற்றையும் மாற்றாமல், பகலில், ஒரு நாளைக்கு ஒரு நடைபாதை என்று மாற்றுங்கள். தீவனத் தொட்டியில் 10 முதல் 20 லக்ஸ் இருந்தால் போதும். மூன்றடுக்குக் கூண்டில் கீழடுக்குத் தொட்டியில்தான் அளக்க வேண்டும். மேலடுக்கில் அளந்தால் ஏமாந்துவிடுவீர்கள்.

எல்.இ.டி.யால் கிடைக்கும் இன்னொரு லாபம் மின்வெட்டில் தெரியும். 50 குண்டு பல்புக்கு 3,000 வாட். ஜெனரேட்டர் இல்லாமல் முடியாது. 50 எல்.இ.டி.க்கு 450 வாட். வீட்டுக்கு வாங்குகிற மாதிரி ஒரு இன்வெர்ட்டரும் நல்ல 150 ஆம்பியர்-அவர் பேட்டரியும் சுமார் இரண்டு மணி நேரம் தாக்குப்பிடிக்கும். மாலை விளக்குக்கு அது போதும்.

"200 நாட்டுக்கோழிக் குஞ்சு வாங்கினேன். புரூடரில் இருந்த நான்கு 100 வாட் பல்பை எடுத்துவிட்டு, கரண்ட் மிச்சமாகும் என்று எல்.இ.டி. போட்டேன். வெளிச்சம் நன்றாக இருந்தும் மூன்றே நாளில் குஞ்சுகள் குறுகி உட்கார்ந்து சாகத் தொடங்கிவிட்டன. நோயா?" – சிவகங்கை மாவட்ட வாசகி

பெரும்பாலும் குளிர்தான். குண்டு பல்பு தின்னும் மின்சாரத்தில் பத்தில் ஒன்பது பங்குக்கு மேல் வெப்பமாகத்தான் வெளியே வரும். அதனால்தான் ஒரு குஞ்சுக்கு 2 வாட் என்று கணக்கு வைத்து 200 குஞ்சுக்கு 400 வாட் போடுகிறார்கள். நீங்கள் எடுத்துவிட்டது விளக்கை அல்ல, தாய்க்கோழியின் சிறகை. எல்.இ.டி. வெளிச்சம் தரும், சூடு தராது.

பழைய பல்புகளையோ, அகச்சிவப்பு பல்பையோ, கேஸ் புரூடரையோ உடனே திரும்ப வையுங்கள். முதல் வாரம் குஞ்சு மட்டத்தில் 95 டிகிரி ஃபாரன்ஹீட், பிறகு வாரத்துக்கு 5 டிகிரி குறைத்துக்கொண்டு வரலாம். தெர்மாமீட்டர் இல்லாவிட்டால் குஞ்சுகளே சொல்லும். பல்புக்கு அடியில் குவிந்தால் குளிர். தகட்டு ஓரத்துக்கு ஒதுங்கி வாயைத் திறந்தால் சூடு. ஒரே பக்கம் ஒதுங்கினால் காற்று அடிக்கிறது. பரவலாக மேய்ந்தால் சரி. கரி அடுப்பு வைப்பவர்கள் காற்றோட்டத்தை அடைத்துவிடக் கூடாது. அந்தப் புகை குஞ்சையும் கொல்லும், காவலுக்குப் படுத்தவரையும் கொல்லும். சூடான பல்பை ஒயரில் தொங்கவிடாமல் சங்கிலியில் கட்டுங்கள். உமியில் விழுந்தால் தீப்பிடிக்கும். சூட்டைச் சரிசெய்த பிறகும் சாவு நிற்கவில்லை என்றால் இறந்த குஞ்சுகளோடு கால்நடை மருத்துவரைப் பாருங்கள்.

"13 ஆண்டு வரும் என்றார்கள், மூன்று மாதத்தில் பல்பு போகிறது." – பெருந்துறை வாசகர்

25,000 மணி நேரம் என்று பெட்டியில் எழுதியிருந்தால், தினமும் 5 மணி நேரத்துக்கு 13 ஆண்டுக்கு மேல் வருவது கணக்குப்படி சரிதான். ஆனால் அது உள்ளே இருக்கும் ஒளிச்சில்லின் ஆயுள். முதலில் போவது அதற்கு மின்சாரம் மாற்றிக் கொடுக்கும் டிரைவர்.

எல்லாப் பல்பும் ஒரே நாளில் போனதா? அப்படியானால் மும்முனை இணைப்பில் நியூட்ரல் தளர்ந்திருக்கலாம். நியூட்ரல் விட்டால் 230 வோல்ட் வர வேண்டிய இடத்தில் 400 வோல்ட் வரை ஏறும். எலக்ட்ரீசியனைக் கொண்டு உடனே இறுக்குங்கள். ஒன்றிரண்டாகப் போகிறதா? ஹோல்டரைக் கழற்றிப் பாருங்கள். பச்சை பூத்திருந்தால் அம்மோனியா. மூடிய விளக்கும், கூளத்தைக் கிளறிக் காய வைப்பதும் மருந்து. காற்றுப் புகாத ஜாடிக்குள் சாதாரண பல்பை வைத்திருந்தால் சூட்டிலேயே டிரைவர் போய்விடும். மோட்டார் ஓடும் லைனிலேயே விளக்கும் இருந்தால் பிரித்துவிடுங்கள். வாங்கும்போது 100 முதல் 300 வோல்ட் வரை தாங்கும் என்று எழுதியதைக் கேளுங்கள். மாட்டிய தேதியைப் பல்பின் கழுத்திலேயே மார்க்கர் பேனாவால் எழுதி, பில்லைப் பத்திரப்படுத்துங்கள். உத்தரவாதக் காலத்துக்குள் போனால் கடைக்காரர் மாற்றித் தர வேண்டும்.

"டியூப் லைட்டை எடுத்துவிட்டு எல்.இ.டி. போட்டதிலிருந்து கோழிகள் ஒன்றையொன்று கொத்துகின்றன." – ஆத்தூர் வாசகர்

அதே வாட்டில் வாங்கியிருப்பீர்கள். 36 வாட் டியூபுக்குப் பதில் 36 வாட் எல்.இ.டி. போட்டால் வெளிச்சம் பளீரென்று கூடிவிடும். அதிலும் நீலம் கலந்த 6,500 கெல்வின் வெள்ளை என்றால் சின்னக் காயமும் கோழிக்குத் தெளிவாகத் தெரியும். பாதி வாட்டில், வெதுவெதுப்பான வெள்ளையில் மாற்றுங்கள். பல்பின்மேல் சிவப்புச் சாயம் பூசாதீர்கள். சூடு அடைத்துப் பல்பு போகும். ஆசனவாயில் கொத்துப்பட்ட கோழியை உடனே பிரித்துவிடுங்கள். நெரிசல், தீவனத்தில் உப்பு, புரதக் குறைவு ஆகியவற்றையும் சேர்த்துப் பாருங்கள். வெளிச்சம் மட்டுமே காரணம் என்று முடிவு கட்ட வேண்டாம்.

மாட்டும் முன் ஒரு முறை

* பெட்டியில் லூமென், கெல்வின், வோல்ட் அளவு, ஐ.பி. எண், தர முத்திரை உள்ளதா?
* முதலில் ஐந்தாறு வாங்கி ஒரு பேட்ச் எரியவிட்டுப் பார்த்தீர்களா?
* ஆர்.சி.சி.பி., எர்த், மூடிய ஜங்ஷன் பாக்ஸ் மூன்றும் தயாரா?
* ஒயர் கூண்டிலோ வலையிலோ எங்கேயாவது படுகிறதா?
* இரவில் கீழடுக்கிலும் மூலைகளிலும் வெளிச்சம் பார்த்தீர்களா?
* 15 நாளுக்கு ஒரு முறை, மெயினை அணைத்துவிட்டு, உலர்ந்த துணியால் பல்பைத் துடைக்க ஆள் குறித்தாயிற்றா? தூசி படிந்த பல்புக்கும் மின்கட்டணம் ஒன்றுதான்.

விளக்கு நேரம், லக்ஸ் அளவு பற்றி மேலும் சந்தேகம் உள்ளவர்கள் நாமக்கல் கால்நடை மருத்துவக் கல்லூரி மற்றும் ஆராய்ச்சி நிலையத்தையோ, அருகிலுள்ள வேளாண் அறிவியல் நிலையத்தையோ அணுகலாம். போகும்போது கொட்டகையின் நீள, அகலம், கோழியின் வயது, இப்போது எரியும் பல்பின் பெட்டி மூன்றையும் கையோடு கொண்டுபோனால் அங்கேயே கணக்குப் போட்டுக் கேட்டு வரலாம்.